கிளை நூலகம்: இரவல் நூலுக்கு அப்பால் எந்தச் சேவையை முதலில் தொடங்கலாம்?

கிளைவாசல் கேட்டது:

வணக்கம். நகர நூலகத்தின் கிளை ஒன்றுக்கான கேள்வி. ஒரு கூடம், அதை ஒட்டி 12 பேர் உட்காரக்கூடிய சின்ன அறை. வாசகர் பயன்பாட்டுக்கு 4 கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். ஊழியர்கள் 3 பேர். ஒரே நேரத்தில் பணியில் இருப்பது 2 பேர்தான்.

நூல் இரவல், நாளிதழ், தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மேசை ஆகிய மூன்றும் நன்றாகவே நடக்கின்றன. இந்த மூன்றும் தேவைப்படாதவர்கள் நூலகத்துக்குள் காலடி வைப்பதே இல்லை. நூலகம் நடத்தப் பணம் கொடுக்கும் நகரவாசிகளில் அவர்களும் உண்டு.

அடுத்த ஆண்டு 2 அல்லது 3 சேவைகளைச் சேர்க்க இடமிருக்கிறது. இதுவரை பேச்சில் வந்தவை: கணினி உதவி, சிறுவர் கதைநேரம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வசதி, பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து நகரத்தின் ஆவணமாகச் சேர்ப்பது, கருவிகளை இரவல் கொடுப்பது, மின்னூல், முப்பரிமாண அச்சு இயந்திரம். எதில் தொடங்கலாம், எது எங்கே சிக்கும் என்று நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறிப்புதவி மேசை எழுதியது:

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். இந்தச் சேவை வாரத்துக்கு ஊழியரின் எத்தனை மணிநேரத்தைக் கேட்கும்? பணியில் இருக்கும் இருவரில் ஒருவர் இரவல் மேசையை விட்டு நகர முடியாது. ஆக உங்களிடம் இருப்பது ஒரே ஆள். கருவி வாங்க எங்கிருந்தாவது பணம் புரட்டிவிடலாம், அந்த ஆளின் நேரத்தைப் புரட்ட முடியாது.

இந்தக் கணக்கில் என் முதல் தேர்வு கணினி உதவி. கணினி வகுப்பைச் சொல்லவில்லை. வகுப்பு என்றால் 10 பேரும் ஒரே பாடத்தைக் கேட்க வேண்டும். வருகிறவர்களில் ஒருவர் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மறந்தவர், இன்னொருவருக்கு வேலை விண்ணப்பத்தில் சான்றிதழ் ஏற மறுக்கிறது, மூன்றாமவர் செல்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாதவர். இவர்களை ஒரே பாடத்தில் அடக்க முடியாது. ஒருவருக்கு ஒருவர், தலைக்கு 30 நிமிடம், வாரத்தில் 2 நாள், நாளுக்கு 2 மணிநேரம் என்று வையுங்கள். வாரத்துக்கு 8 பேர். நாளுக்கு 4 இடங்களில் 3ஐ முன்பதிவுக்குக் கொடுத்து, ஒன்றைச் சொல்லாமல் வருபவருக்கு விட்டுவிடுங்கள். உதவி மிகவும் தேவைப்படுகிறவருக்கு முன்பதிவு செய்யவே தெரியாமல் இருக்கலாம்.

முன்பதிவின்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "உங்கள் கணக்கோடு இணைத்த செல்பேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" பாதிப் பேருக்கு மேசை வரை வந்த பிறகுதான் சரிபார்ப்புக் குறியீடு பழைய எண்ணுக்குப் போகிறது என்பது தெரியவரும். அங்கேயே 30 நிமிடமும் போய்விடும். செல்பேசியை சார்ஜ் செய்து, சார்ஜருடன் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எல்லைகளைக் காகிதத்தில் எழுதி மேசை மேல் ஒட்டுங்கள். மவுஸும் விசைப்பலகையும் வந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ ஊழியர் தட்டவும் கூடாது, குறித்துவைக்கவும் கூடாது. வங்கிப் பணப் பரிமாற்றத்தில் உட்கார்ந்து உதவக் கூடாது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் என்ன கேட்கிறது என்று விளக்கலாம், என்ன பதில் போட வேண்டும் என்று சொல்லக் கூடாது. சட்டமும் மருத்துவமும் அப்படித்தான். நம்பகமான மூலத்தைக் காட்டலாம், ஆலோசனை கொடுக்கக் கூடாது. இவை எழுத்தில் இல்லாவிட்டால் இளகிய மனமுள்ள ஊழியர் ஒருவர் எல்லாவற்றையும் தானே செய்து கொடுப்பார். பிறகு வாசகர்கள் அவர் பணியில் இருக்கும் நாளில் மட்டும் வருவார்கள்.

பொதுக் கணினிகளில் பெரும்பாலும் தவறுவது இதுதான்: பிரௌசரின் தனிமைச் சாளரத்தில் வேலை செய்தால் எதுவும் மிஞ்சாது என்று நினைப்பார்கள். தேடல் வரலாறு அழியும், பதிவிறக்கிய கோப்பு அழியாது. அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு எல்லாம் அடுத்து வருபவர் கண்ணில் படும். விருந்தினர் கணக்கிலிருந்து வெளியேறியதும் எல்லாக் கோப்பும் தானாக அழியும்படி அமையுங்கள். அச்சுக்கு அனுப்பியது உடனே வெளியே வந்து விழாமல், உரியவர் மேசைக்கு வந்து கேட்டபின் வெளியிடும்படி நிறுத்திவையுங்கள். நேர வரம்பு 60 நிமிடம், முடிய 10 நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கை. ஆனால் 4 கணினியில் ஒன்றுக்கு மட்டும் 120 நிமிடம் கொடுத்து விண்ணப்பங்களுக்கென்று ஒதுக்குங்கள். பாதி நிரப்பிய படிவம் 60ஆம் நிமிடத்தில் அழிந்துபோனால் அந்த வாசகர் திரும்பி வரமாட்டார்.

இன்னொன்று. "சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பவரை உடனே அலமாரிக்கு அனுப்பிவிடாதீர்கள். "எதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டு முன்பணம் திரும்பக் கிடைக்காத ஒருவராக இருக்கலாம். அவருக்கு வேண்டியது ஒரு பக்கமும், புகார் கொடுக்க வேண்டிய அலுவலகத்தின் முகவரியும்தான். இதற்குக் கருவி, அறை, பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

ஒலியேடு எழுதியது:

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு "தனிப் பிரிவு" என்று தொடங்காதீர்கள். தனி அறை, அதற்கு ஒரு பூட்டு, சாவி வைத்திருப்பவர் விடுப்பு. அதோடு அந்தச் சேவை முடிந்தது. உங்கள் 4 கணினியில் எல்லாவற்றிலும் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) இருக்கட்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், திறமூலம். அதனுடன் வரும் இஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும், பழகியவர்கள் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பார்கள். ஹெட்போன்களும், துடைக்கத் துணியும் வாங்கிவையுங்கள்.

நிறைய நூலகங்கள் சறுக்குவது கோப்புகளில். நூலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அது பக்கத்தின் படம். அதில் எழுத்து இல்லை, திரைவாசிப்பான் மௌனமாகிவிடும். எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி உரையாக மாற்ற வேண்டும். டெஸராக்ட் என்ற எழுத்துணரி இலவசம், தமிழையும் படிக்கும். பிறகு ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும், இந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், காதுக்குக் குப்பையாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஒலிநூல் என்றால் எல்லா ஒலிக்கோப்பும் ஒன்றல்ல. 9 மணிநேரம் ஓடும் ஒரே எம்பி3 கோப்பில் 4ஆம் இயலைத் தேடிப் பாருங்கள், புரிந்துவிடும். டெய்சி என்ற ஒலிநூல் வடிவத்தில் இயல், தலைப்பு, பக்கம் என்று தாவலாம். மாணவருக்கு அது இல்லாமல் முடியாது.

புதிதாக வாங்குவதைவிட ஏற்கெனவே உள்ளவற்றை வரவழைப்பது எளிது. 2013இல் ஏற்று 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க படிகளை (ஒலி, பிரெயில் போன்றவை) உருவாக்கவும், உறுப்பு நாடுகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளவும் பதிப்புரிமையில் விலக்கு கொடுக்கிறது. முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. உங்கள் நாடு உறுப்பு நாடா, படி உருவாக்கவும் பரிமாறவும் எந்த நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, அவற்றின் வழியாகக் கேளுங்கள். கண் தெரியாதவர்களுக்கு மட்டும் உரியதல்ல இது. கற்றல் குறைபாட்டால் அச்சைப் படிக்க முடியாதவர், கை நடுக்கத்தால் நூலைப் பிடிக்க முடியாதவர் இவர்களும் அடக்கம். அவர்கள் தாமாக வந்து கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் அறிவிப்பில் போட வேண்டும்.

கட்டடத்தையும் பாருங்கள். அலமாரிகளுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ., சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். பெரிய எழுத்து என்றால் 18 புள்ளி. அந்த நூல்களை அடித்தட்டில் வைக்காதீர்கள், அவற்றை எடுக்கிறவர்களில் பலருக்குக் குனிய முடியாது.

கதைக்கூடை எழுதியது:

கதைநேரம் பற்றி மட்டும் சுருக்கமாக. 12 பேர் அறையில் பெற்றோரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தரையில் விரிப்புப் போட்டாலும் 8 குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். 3 வயதுக்குக் கீழே 15 முதல் 20 நிமிடம், 3 முதல் 6 வயது வரை 30 நிமிடம். 2 கதை, நடுவில் ஒரு பாட்டு, போதும். படம் எல்லோருக்கும் தெரியும் அளவுக்கு நூல் பெரிதாக இருக்க வேண்டும். வாசிப்பவர் நூலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளாமல் பக்கவாட்டில் பிடித்துப் பழகட்டும். பக்கத்தைத் திருப்புமுன் "அடுத்து என்ன நடக்கும்?" என்று நிறுத்திக் கேட்பதுதான் குழந்தையின் பேச்சை வளர்க்கும். ஒப்பித்துவிட்டுப் போனால் அது வெறும் நிகழ்ச்சி.

பெற்றோரை வெளியே அனுப்பிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் வாசிக்கும் 30 நிமிடத்தைவிட, அதைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டில் வாசிக்கும் 10 நிமிடம் பெரிது. முடிந்ததும் அதே அறையில் 20 படநூல்களைப் பரப்பிவைத்து அங்கேயே இரவல் பதிவு செய்யுங்கள். மேசைக்குப் போய் வரிசையில் நிற்கச் சொன்னால் குழந்தை அழும், பெற்றோர் நூலை எடுக்காமலே கிளம்பிவிடுவார்கள்.

ஒரே கிழமை, ஒரே நேரம். மாற்றாதீர்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

ஆவணச் சேர்ப்பைப் பட்டியலின் நடுவில் போட்டிருக்கிறீர்கள். நான் அதை மேலே வைப்பேன். நூலை யார் வேண்டுமானாலும் விற்கலாம், மின்னூலை எங்கிருந்தும் இறக்கலாம். ஒரு தெரு 50 ஆண்டுக்கு முன் எப்படி இருந்தது என்ற படம் அந்தத் தெருக்காரர் பெட்டியில் மட்டும்தான் இருக்கும். அவருக்குப் பிறகு அது குப்பைக்குப் போகும். இதைச் சேர்த்துவைக்க நகரத்தில் பொது நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

செய்முறை. மாதத்தில் ஒரு நாள், 3 மணிநேரம். தலைக்கு 5 படம் மட்டும். ஒருவருக்கு 20 நிமிடம் பிடிக்கும், அதில் ஸ்கேன் 8 நிமிடம், விவரம் எழுதுவது 12 நிமிடம். ஒரு ஸ்கேனரில் ஒரு நாளைக்கு 9 பேர். அதற்குமேல் ஒப்புக்கொண்டால் விவரம் எழுதுவதில்தான் கை வைப்பீர்கள். விவரம் இல்லாத படம் யாருக்கும் பயன்படாது.

ஸ்கேனர் தட்டையானதாக இருக்க வேண்டும். தாளை உள்ளிழுக்கும் வகை பழைய படத்தை மடக்கிக் கிழித்துவிடும். புகைப்படத்துக்கு 600 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை படப்புள்ளி), கடிதம், நோட்டீஸ் போன்றவற்றுக்கு 400. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள், பழுப்பும் கறையும் மையின் நிறமும் பின்னால் காலத்தைக் கணிக்க உதவும். மூலக்கோப்பு டிஃப் (தரம் குறையாத பட வடிவம்), பார்வைக்கு ஜேபெக் (சுருக்கிய சிறிய கோப்பு). தானியங்கி மெருகேற்றத்தை அணைத்துவிடுங்கள். 4 அங்குலம், 6 அங்குலம் உள்ள ஒரு படம் 600 பிபிஐயில் சுமார் 26 எம்பி. 1,000 படத்துக்கு 26 ஜிபி, இன்றைய வட்டுகளுக்கு இது பாரமே இல்லை. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கோப்புப் பெயரில் விவரம் எழுதாதீர்கள். வரிசை எண் மட்டும், விவரம் தனி அட்டவணையில். யார், எங்கே, எப்போது, யார் எடுத்தது, யார் கொடுத்தது. ஆட்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் "1970க்கு முன்" என்று போடலாம், ஊகத்தை உறுதிபோல எழுதினால் பின்னால் வருகிறவர் அதையே நம்பி எழுதுவார்.

அனுமதிப் படிவத்தில் எல்லோரும் தவறுவது ஒன்றுண்டு. படத்தை வைத்திருப்பவர் வேறு, அதன் பதிப்புரிமை உள்ளவர் வேறு. ஸ்டுடியோவில் எடுத்த படமென்றால் உரிமை புகைப்படக்காரரிடம் இருக்கலாம். ஆகவே படிவத்தில் தனித்தனியாகக் கேளுங்கள்: நூலகம் பாதுகாத்து வைக்கலாமா, நூலகத்துக்குள் காட்டலாமா, இணையத்தில் போடலாமா. மூன்றாவதற்கு "வேண்டாம்" என்றாலும் முதலிரண்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எடுத்துவிடச் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஒவ்வொரு கோப்புக்கும் 3 நகல், 2 வகை ஊடகம், நகல்களில் 1 வேறு கட்டடத்தில். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் (கோப்பு சற்று மாறினாலும் தானும் மாறிவிடும் எண்) எடுத்துவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். வட்டில் கோப்பு கெடுவது சத்தமில்லாமல் நடக்கும், திறந்து பார்க்கும் நாளில்தான் தெரியும்.

அசல் படத்தை அன்றே கையில் திருப்பிக் கொடுங்கள். "விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் தருகிறோம்" என்பது வேண்டவே வேண்டாம்.

பார்கோடு எழுதியது:

மீதமுள்ள மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முப்பரிமாண அச்சு: உங்கள் கிளைக்கு வேண்டாம். உள்ளங்கை அளவுப் பொருளுக்கே பல மணிநேரம் ஓடும். முதல் அடுக்கு தட்டில் ஒட்டாமல் பெயர்ந்தால் மொத்தமும் வீண். முனை 200 டிகிரி செல்சியஸ் அளவில் சுடும், கவனிக்க ஆள் வேண்டும். நாளுக்கு ஒருவர் பயன் பெறுவார். ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சு, ஒலிப்பதிவுக் கூடம் எல்லாம் உண்டு. அது நகரத்தின் மைய நூலகம், அதற்கென்றே ஒரு தளம் வைத்துக் கட்டியது. 2 பேர் பணியில் இருக்கும் கிளையை அதனோடு ஒப்பிட முடியாது.

மின்னூல்: இதைக் கிளை தனியாகச் செய்யக் கூடாது, நகரம் முழுக்க ஒரே ஒப்பந்தமாகச் செய்ய வேண்டும். வாசகர்கள் கேட்பார்கள்: "கோப்புதானே, எதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும்?" நூலகம் வாங்குவது உரிமம். பெரும்பாலும் ஒரு உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர். சில 2 ஆண்டில் காலாவதியாகும், சில குறிப்பிட்ட எண்ணிக்கை இரவலுக்குப் பிறகு. ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகம் 2011இல் 26 இரவல் என்று வரம்பு வைத்தது. 2 வார இரவலாகப் பார்த்தால் ஓர் ஆண்டு. இப்போது வரிசையைக் கணக்கிடுங்கள்: 2 உரிமம், 40 பேர் காத்திருப்பு, 21 நாள் இரவல் என்றால் கடைசி ஆளுக்கு 420 நாள் ஆகும். இரவலை 14 நாளாக்கினால் 280. அந்த நூலுக்கு அச்சுப் பிரதி அலமாரியில் சும்மா இருக்கிறதா என்று பார்த்து வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். "வாசகரின் நேரத்தைச் சேமி" என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் விதித்த நான்காம் விதி இதற்கும் பொருந்தும்.

கருவி இரவல்: குறிப்புதவி மேசை போட்ட ஆள்-மணிநேரக் கணக்கில் பார்த்தால் இதை ஒதுக்கத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூலகத்துக்கே வராதவர்கள் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நூல் படிக்காத ஒருவரை உறுப்பினராக்குவதில் துளையிடும் இயந்திரத்துக்கு நிகர் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் கொடுத்துவருகிறது. எதை வாங்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. திரும்பி வந்ததும் 3 நிமிடத்தில் சரிபார்க்க முடியாததை வாங்காதீர்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் அளவி, புரொஜெக்டர், தையல் இயந்திரம், பலகை விளையாட்டு, சிறு தொலைநோக்கி. 10 பொருள் போதும்.

ஒவ்வொன்றுக்கும் மூடியுள்ள பெட்டி, மூடியின் உட்புறம் பாகங்களின் படமும் எண்ணிக்கையும், பெட்டிக்கு ஒரு பார்கோடு. பாகத்துக்குப் பாகம் பார்கோடு ஒட்டினால் இரவல் மேசை திணறும். பலகை விளையாட்டில் காய்களை எண்ணாதீர்கள், சமையல் தராசில் பெட்டியை எடைபோட்டு முதல் நாள் எடையோடு ஒப்பிடுங்கள். தொலைநோக்கி என்றால் 114 மி.மீ. கண்ணாடியுள்ள மேசைமேல் வகை. கண்வில்லையை மாற்றிக்கொள்ளும் வகையாக விட்டால் தொலையும், 8 முதல் 24 மி.மீ. வரை மாறும் ஒரே வில்லையைப் பொருத்தித் திருகை இறுக்கிவிடுங்கள். "சூரியனைப் பார்க்கக் கூடாது" என்று குழாயின் மேலேயே ஒட்டுங்கள், கையேட்டில் எழுதியதை யாரும் படிப்பதில்லை. மின்கருவிக்கு வயரும் பிளக்கும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், கீறல் தெரிந்தால் அன்றே சுழற்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஏணி, சங்கிலி ரம்பம் இரண்டும் வேண்டாம். காப்பீடு கொடுப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி அவையாகத்தான் இருக்கும்.

கிளைவாசல் எழுதியது:

மிகவும் நன்றி. கணினி உதவியும் ஆவண நாளும் உறுதி. கருவிகளை 10 பெட்டியோடு நிறுத்துவதாக இருந்தால் மூன்றாவதாக அதைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. திரைவாசிப்பானைச் சேவையாக எண்ண வேண்டியதே இல்லை, இந்த வாரமே நிறுவிவிடலாம்.

இரண்டு கேள்வி மிச்சம். தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டால் நூல்கள் திரும்பி வருமா? ஆண்டு முடிவில் மேலிடம் கணக்குக் கேட்கும்போது எதைக் காட்டுவது? இரவல் எண்ணிக்கையில் இவை எதுவும் வராதே.

குறிப்புதவி மேசை எழுதியது:

பார்கோடு சொன்ன எடைபோடும் முறை நேரத்தை நன்றாகக் குறைக்கிறது, அந்த வகைப் பொருட்களுக்கு என் மணிநேரக் கணக்கு தடையில்லை. மின்கருவிகளில் மட்டும் 2க்கு மேல் வேண்டாம் என்பேன்.

தாமதக் கட்டணம்: சிகாகோ நகர நூலகம் 2019இல் அதை நீக்கிய பிறகு நெடுநாள் திரும்பாத நூல்கள் திரும்ப வந்தன. காரணம் எளிது. தாமதமாகிவிட்டால் கட்டணத்துக்குப் பயந்து நூலையும் கொண்டுவர மாட்டார்கள், தாமும் வர மாட்டார்கள். நீக்கும்போது மாற்று ஏற்பாடு வேண்டும்: கெடுவுக்கு 3 நாள் முன் நினைவூட்டல், வேறு யாரும் கேட்காத நூலுக்குத் தானாக 2 முறை நீட்டிப்பு, 30 நாள் தாண்டினால் அட்டை முடக்கம், நூலின் விலைக்கு ரசீது. நூல் வந்த நிமிடமே ரசீதும் முடக்கமும் தானாக நீங்க வேண்டும். கருவிகளுக்கு மட்டும் வேறு விதி வைக்கலாம், 10 பெட்டியில் ஒன்று நின்றால் வரிசை முழுவதும் நின்றுவிடும்.

கணக்கு: வாசலில் ஒளிக்கதிரால் ஆட்களை எண்ணும் கருவி இருந்தால் அது உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணும், பாதியாக்கித்தான் எழுத வேண்டும். செல்பேசியில் பேச வெளியே போய் வருபவர்களால் அதுவும் கொஞ்சம் கூடும். மேசையில் ஒரு தாள் வைத்து, உதவியை 5 வகையாகப் பிரித்துக் கோடு போடுங்கள்: விண்ணப்பம், கணக்கு மீட்பு, அச்சும் ஸ்கேனும், தகவல் தேடல், மற்றவை. பெயர் வேண்டாம். ஆண்டு முழுக்க எண்ண முடியாது. தேர்வுக்காலமும் விடுமுறையும் இல்லாத 2 வாரம், உள்ள 2 வாரம் என்று 4 வாரம் எண்ணி, இரு வகைக்கும் வாரச் சராசரி எடுத்து, ஒவ்வொன்றையும் ஆண்டில் அந்த வகை வாரங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள்.

அதே தாளின் பின்பக்கத்தில் "இல்லை என்று சொல்லி அனுப்பியவை" என்று ஒரு பகுதி வையுங்கள். கேட்ட நூல், கேட்ட உதவி, கேட்ட நேரம். "ஞாயிறு மாலை திறந்திருக்குமா?" என்ற கேள்வி அந்தப் பட்டியலில் 60 முறை வந்திருந்தால், அடுத்த ஆண்டு நான்காவது ஊழியரைக் கேட்க அதைவிட வலுவான காகிதம் உங்களிடம் இருக்காது.

இரவல் வரலாற்றைக் கணக்குக்காகச் சேமித்து வைக்க வேண்டாம். நூல் திரும்பியதும் வாசகர் பெயருக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பை அழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் இதற்கு அமைப்பு இருக்கிறது, நிறுவுபவரிடம் கேட்டு இயக்கச் சொல்லுங்கள்.